இரண்டு எட்டுத் தூரம்

என்னங்க,

உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? பாப்பாவின் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் புல் வெட்டும் கோல்ஃப் மைதானத்துக்கு ஒரு பல் டாக்டரம்மா விளையாட வருவார். மற்றவர்கள் பந்தை வானத்துக்கு அடித்துவிட்டு மீசையை முறுக்குவார்கள். இவரோ குழிக்கு இரண்டு எட்டு தள்ளி நின்று, பந்தை மெல்லத் தள்ளிவிடுவதை மட்டும் ஒரு மாதமாகப் பழகினார். தவறினால் முகம் சுளிக்காமல் மறுபடி குனிவார். என்ன பொறுமை என்கிறீர்கள்!

சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் கணக்கு எழுதிய சீட்டோடு என்னிடம் ஓடி வந்தார். "பதினெட்டு குழியும் தொண்ணூத்தெட்டே தடவை அடிச்சு முடிச்சுட்டேன்! பதினோரு வருஷத்துல நூத்துக்குக் கீழ வந்ததே இல்ல. முதல்ல உங்கிட்டதான் காட்டணும்னு தோணுச்சு." எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அவர் கொடுத்த பழைய பந்தை, அறையில் டம்ளரைப் படுக்க வைத்து, துடைப்பக்கட்டையால் தள்ளிப் பார்க்கிறேன். கட்டிலுக்கடியில் ஓடிய பந்தை எடுக்கப்போய் மண்டையை இடித்துக்கொண்டேன். லேசான வீக்கம்தான், சிரிக்காதீர்கள். இன்னொரு டம்ளர் அனுப்புங்கள், நான் தண்ணீர் குடிக்க வேண்டாமா?

நேற்று பந்து 'டங்'கென்று விழுந்ததும் காட்டுவதற்குத் திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. பத்துத் தடவை தள்ளியதில் ஏழு தடவை டம்ளருக்குள் விழுந்ததுங்க! முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.