இருபத்தைந்தாம் மாடிக்கு அரிசி

செப். 22, திங்கள்

மழை வருவது போல் வந்து வராமல் போய்விட்டது. புழுக்கம். இந்த ஊரில் இருந்துகொண்டு பனிமலைக்குப் பயிற்சி எடுப்பவளை என்னவென்று சொல்வது.

புது பூட்ஸ் இரண்டு குதிகாலையும் கடித்துவிட்டது. ஆறும்வரை வெறுங்காலோடு படியேற்றம். எங்கள் அடுக்குமாடி பிளாக், இருபத்தைந்து மாடி, மூன்று தடவை. ஏறுவது படியில், இறங்குவது லிஃப்டில் (முட்டி). முதுகுப்பையில் பத்துக் கிலோ பொன்னி அரிசி. ஜிப் மூடவில்லை, மூட்டையின் வாய் வெளியே எட்டிப் பார்க்கிறது. பார்க்கட்டும்.

அக்டோபர் கடைசியில் மேரா. நேபாளம், ஆறாயிரத்து நானூறு மீட்டர் சொச்சம், மேலே முழுக்கப் பனியாறு. வழிகாட்டி நீமாவோடு ஒரே கயிற்றில் நானும் மெய் லிங்கும். மெ.லி.க்கு ஆபீஸில் என் பக்கத்து மேசை. லஞ்ச் நேரத்தில் வேறு பேச்சே கிடையாது எங்களுக்கு.

வாங்க: கையுறை (உள், வெளி). தலைவிளக்கு. பிளாஸ்டர். அப்பளம்.

செப். 24, புதன்

மெ.லி. வரவில்லை. காப்பி வாங்கப் போகும் வழியில் சாவகாசமாகச் சொல்கிறாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லையாம். அதற்கு மேல் என்ன கேட்பது.

"யூ கோ லா. யூ ஸ்ட்ராங் வாட்."

நானா பலசாலி, நான் மட்டும் போக? கினபாலு மலையில் பாறைமேல் உட்கார்ந்து வாந்தி எடுத்தபோது என் தலையைப் பிடித்துக்கொண்டவளே இவள்தான். அன்று உச்சியைப் பார்க்காமல் இறங்கியவள் நான்.

நீமாவோடு வீடியோ கால். கயிற்றில் இரண்டு பேர் போதும், நீயும் நானும், பிரச்சினை இல்லை என்றார். ஆனால் பெர்மிட் எடுக்க வேண்டும், பத்தாம் தேதிக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல்லிவிடு.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். முரளி நிமிரவே இல்லை.

"போறதுன்னா போ. போகலன்னா, நான்தான் தடுத்தேன்னு நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாத."

ரசத்தை ஊற்றிக்கொண்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார். ஒரு 'வேணாம்' சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகப் போகாமல் இருந்திருப்பேன். அதற்குக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

செப். 27, சனி

புரட்டாசி சனி. சிராங்கூன் ரோட்டில் பெருமாள் கோயில் வரை துளசி மாலை, நடக்க வழியில்லை. காலையிலேயே படி ஏறிவிட்டேன். குதிகால் இன்னும் ஆறவில்லை.

நாலாம் மாடி ரோகிணி அக்கா கதவைத் திறந்து, மோர் டம்ளரோடு நின்றிருந்தார். லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்ளும் பழக்கம், அவ்வளவுதான்.

"குடிச்சிட்டு ஏறு வசந்தி. எத்தன வாரம்லா?"

"இன்னும் நாலு வாரம் இருக்குக்கா."

"நடக்கும். ஏழுமலையான் பாத்துக்குவான்."

அப்போதும் உறைக்கவில்லை. ஒன்பதாம் மாடியில்தான் உறைத்தது. வெறுங்கால், முதுகில் அரிசி, புரட்டாசி மாசம், படி. திருப்பதிக்குப் போக முடியாதவள் பிளாக்கையே மலையாக்கி வேண்டுதல் நிறைவேற்றுகிறாள் என்று நினைத்துவிட்டார். படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

திருத்தவில்லை. பனிமலை என்று வாயைத் திறந்தால் ஆயிரம் கேள்வி வரும். இந்த வயசில் எதுக்கு, புருஷன் எப்படி விட்டார்.

செப். 29, திங்கள்

பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. பதினாலாம் மாடி மக்சிக், அந்த மலாய்ப் பெரியம்மாகூட ஒதுங்கி வழிவிடுகிறார்.

நீமா புரதம் சாப்பிடு, புரதம் சாப்பிடு என்று மெசேஜ் போடுகிறார். கீழே காப்பிக் கடையில் சிக்கன் ரைஸ் சொல்லப் போனேன். பின்னால் பத்தாம் மாடிக்காரர் திருநீறோடு நிற்கிறார். வெறும் பீஹூன் சேமியா வாங்கிக்கொண்டு வந்தேன். இனிமேல் கோழி என்றால் தஞ்சோங் பகாரில், ஆபீஸ் லஞ்சுக்கு மட்டும். திருட்டுப் பூனை மாதிரி ஆகிவிட்டது பிழைப்பு.

நீமாவுக்கு 'வரவில்லை' என்று ஒரு மடல் எழுதினேன். அனுப்பவில்லை. பனியாற்றில் வெடிப்பு இருக்குமாம், மேலே பனி மூடியிருந்தால் தெரியாதாம். ஏன்தான் அந்த வீடியோவைப் பார்த்தேனோ. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், யார் படிக்கப் போகிறார்கள்.

அப்பளம் இன்னும் வாங்கவில்லை.

அக். 4, சனி

ரோகிணி அக்கா இன்று மோர் டம்ளரோடு இல்லை. கையில் மஞ்சள் துணி. ஒரு வெள்ளிக் காசை வைத்து முடிந்திருந்தார்.

"எங்க அவருக்கு ஹார்ட்ல மூணு அடைப்பு. தீபாவளி கழிச்சு ஆப்பரேஷன். உன் வேண்டுதல்ல அவரையும் சேத்துக்கயேன், வசந்தி."

முகத்தைப் பார்த்தேன். வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது. ஒரு தடவை ஏறிவிட்டு நிறுத்திவிட்டேன்.

இப்போது போகாமலும் இருக்க முடியாது. போகவில்லை என்றால் எதற்கு ஏறுவது? ஏறுவதை நிறுத்தினால் பாதியில் விட்ட வேண்டுதல். ஆப்பரேஷன் நேரத்தில் அந்த வீட்டுக்கு இதைவிடக் கெட்ட சகுனம் வேறு வேண்டுமா. ஒரு டம்ளர் மோருக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேனே, எனக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும்.

அக். 6, திங்கள்

சொல்லிவிட்டேன். அக்கா வீட்டு வாசலில் நின்று, ஒரே மூச்சில். வேண்டுதல் இல்லை, மலை ஏறப் போகிறேன், சாமிக்கு இல்லை, எனக்காக.

"அப்ப இத்தன நாளா ஏறினது?"

"பயிற்சிக்கா."

"எங்க அவருக்காக ஒருத்தி ஏறுறான்னு நான் பெருமாள் முன்னாடி சொல்லிட்டு வந்துட்டேனே."

கையை நீட்டினார். முடிச்சைக் கொடுத்தேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அதற்கு இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அக். 8, புதன்

பக்கத்து பிளாக்கில் ஏறினேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு. குதிகால் பரவாயில்லை. பத்தாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அக்கா வீட்டு வாசல் நடைபாதை தெரிகிறது. அவர் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருக்கிறார்.

அக். 9, வியாழன்

நல்ல மழை, கடைசியில். நாளைக்குள் நீமாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். 'வரவில்லை' மடலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பெல் அடித்தது. ரோகிணி அக்கா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பக்கத்து பிளாக்ல போயி ஏறுறியாமே. நம்ம படிக்கு என்ன கேடு?"

"எப்படிக்கா உங்க மூஞ்சில முழிக்கிறது."

அதைக் காதில் வாங்கவில்லை. "அந்த மலைக்குப் போனவங்க யாராச்சும் திரும்பாம இருந்திருக்காங்களா?"

இனி இவரிடம் பொய் ஆகாது. "இருந்திருக்காங்கக்கா."

முந்தானைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார். கோபம் இன்னும் போகவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு மஞ்சள் முடிச்சை என் கையில் வைத்தார்.

"இது பெருமாள் காசு. மேல கீல விட்டுட்டு வந்துராத. எடுத்துட்டுப் போயி, எடுத்துட்டு வந்து, நீயே உன் கையால உண்டியல்ல போடணும். வேற யாரும் போடக் கூடாது. அதுக்குள்ள அவரும் வீட்டுக்கு வந்துருவாரு."

தடவிப் பார்த்தேன். "ரெண்டு காசு இருக்கேக்கா?"

"ஒண்ணு உனக்கு." படியிறங்கிப் போய்விட்டார். நாலாம் மாடிக்கு லிஃப்ட் எடுக்கவில்லை.

மடலை அழித்துவிட்டு 'வருகிறேன்' என்று மட்டும் அடித்து அனுப்பினேன்.

அக். 22, புதன்

நாளைக் காலை விமானம். வெயில். தீபாவளி முறுக்கு மிச்சம் மெ.லி.க்கு. அரிசி மூட்டையைப் பிரித்து டின்னில் கொட்டியாயிற்று, முரளி சமைத்துக்கொள்ளட்டும்.

பை கனம். நீமா சொன்னபடி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். இரண்டாவது துண்டு, ஷாம்பு, புத்தகம். சோப்பைப் பாதியாக வெட்டினேன். அக்கா வீட்டுக்காரரை இன்று மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். கீழே டாக்சி ஏறும்போது அக்கா நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டினார்.

மு. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மலையைப் பற்றி அந்த ரச நாளுக்குப் பிறகு ஒரு பேச்சு இல்லை. நான் மஞ்சள் முடிச்சைக் குளிர் ஜாக்கெட் மேல் வைத்ததும்,

"சோப்பையே பாதியா வெட்டின. இது எதுக்கு, வெயிட்டு?"

"திருப்பிக் கொண்டு வந்து உண்டியல்ல போடணும். நான்தான் போடணுமாம்."

எழுந்து போனார். டிவி போடத்தான் என்று நினைத்தேன். ஊக்கு எடுத்து வந்தார். முடிச்சை ஜாக்கெட்டின் உள்பையில் வைத்து, பையின் வாயைச் சேர்த்துக் குத்தினார். இழுத்துப் பார்த்தார். திருப்தியில்லை. இன்னொரு ஊக்கு தேடிக்கொண்டிருக்கிறார், எல்லா டிராயரும் திறக்கும் சத்தம்.