மாற்றியும் மேரியின் ஆறடியும்

ஆடி 9, திங்கள்
விடாத மழை. கணினியின் வைரஸ் தடுப்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்ட கையோடு, என் பழைய மாணவன் தங்கராஜ் எழுதித் தந்த எழுத்துரு மாற்றியை வைரஸ் என்று பிடித்து அடைத்துவிட்டது. பதினோரு ஆண்டுகளாக ஒரு தீங்கும் செய்யாத நிரல். ஊராருக்காக நான் கணினியில் படியெடுத்த தமிழ் ஆதாரங்கள், அதாவது நிலப்பத்திரங்கள், எல்லாம் பழைய எழுத்துருவில். மாற்றி இல்லையேல் வெறும் கிறுக்கல். மேரியின் ஆதாரமும் அவற்றுள். மூலத்தைக் கரையான் தின்றாயிற்று. வெள்ளிக்குள் வக்கீலிடம் படி சேராவிட்டால் அவள் வீட்டுக்குப் போகும் ஆறடி வழியில் பக்கத்துக்காரன் மதில் எழுப்பிவிடுவான்.

ஆடி 10, செவ்வாய்
மாற்றியின் இன்னொரு பிரதி பென் டிரைவில். பாறசாலைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக் கணினியில் தடுப்பே கிடையாது. திறந்ததும் திரை உறைந்தது.
கடைக்காரர்: "டீச்சரே, இது வைரஸ் ஆக்கும். வீட்டுலயும் ஃபார்மேட் அடிச்சிரலாம்."
அடிக்கலாம். நாற்பது குடும்பத்து ஆதாரம் அதில்.
மேரி: "தடுப்ப அணைச்சிட்டு ஓட்டப்படாதா?"
"நெசமாட்டே வைரஸ்னா எல்லாருக்க ஆதாரமும் போவும், மக்கா."
பிரஷர் மாத்திரை தீர்ந்தது.

ஆடி 11, புதன்
தடுப்பு நிறுவனத்துக்கு முறையீடு. மூன்று வேலை நாளாம். பாலராமபுரத்துக்கு, தங்கராஜுக்கு, தொலைபேசி. மாணவனுக்கு இப்போது வழுக்கை. பென் டிரைவைச் செருகினேன். தடுப்பு அதையும் பிடித்து, அதன் சரிபார்ப்புக் குறியைக் காட்டியது: அறுபத்து நான்கு எழுத்து; கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் குறி மாறிவிடும். அசல் குறியை அவன் வாசித்தான்.
"பி, பாலராமபுரம். சி, செங்கல். எஃப்புக்கு ஊரு இல்ல டீச்சரே, ஃபேன்."
ஐந்தாவதிலேயே மாறுபாடு.
"இது எனக்க மாற்றி இல்ல. எங்க கொண்டு குத்தினிய?"
கடையில். தடுப்பைத் திட்டிய நானே நோயை வாங்கி வந்திருக்கிறேன். திங்களன்று பிடிபட்டதை ஒப்பிடுமுன் மின்சாரம் போயிற்று.

ஆடி 12, வியாழன்
மழை விட்டது. திங்களன்று பிடிபட்ட பிரதி வீட்டைவிட்டு நகராதது. தங்கராஜ் வாசிக்க, நான் திரையைப் பார்த்துச் "சரி" என்று சொல்ல, மேரி ஒவ்வொன்றுக்கும் தாளில் கோடு போட்டாள். முப்பதாவதில் அவள் ஜெபிக்கத் தொடங்கினாள்; எண்ணிக்கை தவறும் என்று அதட்டினேன். அறுபத்து நான்கும் பொருந்தின. அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு அளித்தேன். மாற்றி திறந்தது. எழுத்துகள் தெளிந்தன. மேரியின் ஆதாரத்தை வாசித்தேன்: மேற்கெல்லை, மூன்றடி நடைவழி.
"மூணா? ஆறாக்குமே டீச்சர்!"
மறுபடியும் வாசித்தேன். மூன்று.
"மூணடியில ஆட்டோ வராதே... வைரஸ் மாத்தினதா இருக்குமோ?"
"அறுபத்து நாலும் சரின்னு கோடு போட்டது நீதானே, மேரி."
அச்சடித்துக் கொடுத்தேன்.