அனுப்பியது கல்லூரிதானா?

ஜூன் 3

சின்னுவின் அம்மாவுக்கு,

இருவரும் சுகம்தானே? போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே குரல் ஏறிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஒரு லிஃப்டின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சின்னுவின் கல்லூரி உதவித்தொகைப் பிரிவிலிருந்து மெயில் வந்தது. ‘உங்கள் பிள்ளை உதவித்தொகைக்கு விண்ணப்பித்துள்ளார். பெற்றோர் விவரங்களையும் வங்கிக் கணக்கு எண்ணையும் உறுதிசெய்யவும்’ என்று இருக்கிறது. கீழே ஒரு இணைப்பு, மேலே கல்லூரி முத்திரை.

நான் வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து சின்னு என்னோடு பேசவில்லை. அவளா என் முகவரியைக் கொடுத்தாள்? கூட வேலை செய்பவர், “இதெல்லாம் டூப்பா இருக்கும், கையை வச்சிடாதீங்க” என்றார். அவருக்கு எதிலும் சந்தேகம். பிரிண்ட் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அவளிடம் கேட்டுச் சொல்.

சின்னுவின் அப்பா


ஜூன் 9

சின்னுவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். கண்ணாடிக் கடையில் ஆளைக் குறைத்துவிட்டார்கள். நாள் முழுக்க நின்று கால் வீங்குகிறது.

அந்த இணைப்பைத் தொடாதீர்கள். சின்னுவிடம் காட்டினேன். “நான் குடுக்கலம்மா” என்றாள். அதோடு சரி. பிரிண்டை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கே போனேன். உதவித்தொகைப் பிரிவில் இருந்த அம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டார்: “இது எங்களோடது இல்லைங்க. அனுப்பின முகவரியில கல்லூரிப் பேரைப் பாருங்க, ஒரு எழுத்து கூடுதலா இருக்கு. கணக்கு எண்ணை நாங்க மெயில்ல கேக்கவே மாட்டோம்.”

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவது உங்களுக்கு இன்னும் போகவில்லை. எண்ணைக் கொடுத்திருந்தால் உடனே வங்கிக்குப் போங்கள்.

சின்னுவின் அம்மா


ஜூன் 14

சின்னுவின் அம்மாவுக்கு,

எண்ணைக் கொடுக்கவில்லை. கவலைப்படாதே.

மெயிலைத் திரும்பப் படித்தேன். அதில் சின்னுவின் பெயரே இல்லை. ‘உங்கள் பிள்ளை’ என்றுதான் இருக்கிறது. நான்தான் அவள் பெயரை வைத்துப் படித்திருக்கிறேன். ஏமாற்றப் பார்த்தவன்மேல் கோபம்கூட வரவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். சாப்பிட்டேனா என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் சொன்னதை நீ எழுதாமலே விட்டிருக்கலாம். காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

சின்னுவின் அப்பா


ஜூன் 27

சின்னுவின் அப்பாவுக்கு,

உங்களை நோகடிக்க எழுதவில்லை. இதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சின்னு இப்போதுதான் நிஜமாகவே உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். அப்பாவோடு தொடர்பில்லை, அவரிடமிருந்து உதவியும் இல்லை என்று எழுதியிருக்கிறாள். அது சரிதான் என்று நீங்கள் கையெழுத்திட வேண்டுமாம். கல்லூரி மெயில் அனுப்பும். உங்கள் முகவரியை நான்தான் கொடுத்தேன்.

வேறு மாதிரி எழுதேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். “பொய் எழுதச் சொல்றியாம்மா?” என்று கேட்டாள்.

மெயில் வந்தால் அதில் இருக்கும் போன் எண்ணை நம்பாதீர்கள். கல்லூரி அலுவலகத்தின் எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் கூப்பிட்டு விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

சின்னுவின் அம்மா


ஜூலை 5

சின்னுவின் அம்மாவுக்கு,

மெயில் வந்தது. முகவரியை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. கணக்கு எண் கேட்கவில்லை. இருந்தாலும் மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். ஓர் அம்மா எடுத்தார். “ஆமாங்க, நாங்க அனுப்பினதுதான்” என்றார். “போலியா இருக்காதே?” என்று மறுபடியும் கேட்டேன். “சத்தியமா எங்களோடதுதாங்க” என்று சிரித்தார்.

மெயிலோடு வந்த பத்திரத்தில் இரண்டே வரி. சின்னு எழுதியதுதான். கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்துக்குக் கீழே ‘மாணவிக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. போனை வைப்பதற்குமுன், அதில் என்ன எழுதுவது என்று அந்த அம்மாவிடம் கேட்டிருந்தேன்.

“அப்பாதானே நீங்க? அதையே எழுதுங்க சார்.”

எழுதி அனுப்பிவிட்டேன். உதவித்தொகை கிடைத்ததும் ஒரு வரி போடு. போடாவிட்டாலும் பரவாயில்லை.

சின்னுவின் அப்பா