டாக்டர் சொன்னது

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். முட்டிவலி தேவலையா? இங்கே எல்லாம் நான் அன்றைக்கே சொன்னபடிதான் நடக்கிறது. உன் பேரனைக் காப்பகத்தில் சேர்த்தபோதே, "ஒரு பிள்ளை தும்மினா ஒன்பது பிள்ளை படுக்கும்" என்று உன் மகளிடம் சொன்னேனா இல்லையா? சளி வந்தது, கண்வலி வந்தது, இப்போது காய்ச்சல்.

காலையில் காப்பக ஆயா வாசலிலேயே நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "திருப்பித் தூக்கிட்டுப் போங்க தாத்தா, அனலாக் கொதிக்குது" என்றாள். "யாரு தாத்தா?" என்று ஒரு போடு போட்டேன். உன் மகளுக்கு இனி லீவு இல்லை என்பதால் நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தேன். ஊசி போட்டபோதுகூடப் பயல் அழவில்லை, கண்ணும் திறக்கவில்லை, அவ்வளவு சமர்த்து. நான் சொன்ன விவரத்தைக் கேட்டு டாக்டரே அசந்துபோய், "நீங்களே பாதி டாக்டர். புதுசா சேர்ற பிள்ளைக்கு வர்றதுதான், பயப்படாதீங்க" என்றார்.

உன் பாஸ்போர்ட் தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்து வை, சும்மாதான். நீ பாடித் தூங்கவைப்பாயே, அந்தப் பாட்டைப் பதிந்து அனுப்பு. ஃபோன் மட்டும் பண்ணாதே, எனக்குத் தொண்டை சரியில்லை.

உள்ளே கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். அக்கா, பயப்படாதீங்க என்று டாக்டர் சொன்னது என் கைச்சரக்கு. "பிள்ளையோட அம்மாவ உடனே வரச் சொல்லுங்க" என்றுதான் அவர் சொன்னார்.