எங்கள் விறகை எங்கள் அடுப்பில் எரிக்க அனுமதி வேண்டுதல்

அனுப்புநர்
திருமதி சொலாஞ்ச் மார்ஷோ,
மேட்டு வீடு, வால்ப்ரூன் கிராமம்,
ஜூரா, பிரான்ஸ்.

பெறுநர்
பாரம்பரியக் கிராமத் தேர்வு அலுவலர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: படத்தில் உள்ள விறகடுக்கைப் பயன்படுத்த அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மாட்டையும் மரத்தையும் தவிர வேறெதையும் அறியாத எங்கள் ஊரைப் பாரம்பரியக் கிராமப் போட்டிக்குத் தகுதியானது என்று தாங்கள் கண்டறிந்ததில் ஊரே பூரித்துப்போயிருக்கிறது. எங்கள் வீட்டில் பூரிப்போடு குளிரும் இருக்கிறது.

1. ஊர்ப் பொதுக்காட்டு மரங்களை வீட்டுக்கு வீடு பங்கிடும் குலுக்கலில் எங்களுக்கு விழுந்த ஓக் மரங்களை நானும் என் கணவர் ஃபெர்னானும் வெட்டிப் பிளந்து, தெருப்பக்கச் சுவரையொட்டி வரிசை வரிசையாக அடுக்கினோம். இரண்டு வருடம் காய்ந்த விறகு. இந்தக் குளிர்காலத்துக்கு எங்களிடம் இருக்கும் காய்ந்த விறகு அது மட்டும்தான்.

2. செப்டம்பரில் தங்கள் அலுவலகப் படக்காரர் வந்தார். விறகடுக்கைக் கண்டு மெய்மறந்தார். துணிக்கொடியை அவிழ்க்கச் சொன்னார், டிராக்டரை நகர்த்தச் சொன்னார். கட்டை ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த ஃபெர்னானிடம், "பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க" என்றார். அவரும் தள்ளி நின்றார்.

3. பிறகு தங்கள் கடிதம் வந்தது. நடுவர் குழு வந்து பார்க்கும்வரை படத்தில் உள்ள எதுவும் மாறக் கூடாதாம். அக்டோபரில் வரவேண்டிய குழு நவம்பருக்குப் போனது. நவம்பரில், சாலையில் பனி என்றார்கள். இப்போது ஜனவரி. பனி எங்கள் சமையலறை ஜன்னலின் உள்பக்கம் இருக்கிறது.

மேயரிடம் முறையிட்டேன். "சொலாஞ்ச் அக்கா, ஊர் பேரு கெட்டுடும், ஒரு கட்டையக்கூட உருவிடாதீங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார். அவர் வீட்டில் அறைக்கு ஒரு ஹீட்டர் ஓடுகிறது. பொறுத்துக்கொள்வது அங்கே சுலபம்.

4. புதிதாக வெட்டிய விறகை எரிக்கலாமே என்று தாங்கள் அன்புடன் ஆலோசனை தந்திருந்தீர்கள். பச்சை விறகு சூட்டைவிடப் புகையைத்தான் அதிகம் தரும் என்பது தங்களுக்குத் தெரியாததில் குற்றமில்லை. தங்கள் அலுவலகத்தில் சூடு சுவரிலிருந்து வருகிறது. ஆலோசனையை மதித்து எரித்தோம். ஃபெர்னானுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. அறையைச் சூடாக வை என்கிறார் மருத்துவர். விறகைத் தொடாதே என்கிறீர்கள் தாங்கள். இருவருமே படித்தவர்கள், நான் யார் பேச்சைக் கேட்பது?

5. அந்த அடுக்கைத் தங்கள் அறிக்கை "முன்னோரின் அழகுணர்வு" என்று புகழ்கிறது. அடுக்கியவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். அவரை முன்னோராக்க அவசரம் காட்ட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். "கவலப்படாதடி, நாம போனாலும் படம் நல்லா இருக்கும்" என்று இருமலுக்கு நடுவே சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருக்கிறது ஐயா.

ஆகவே, விறகை எரிப்பதற்கான அனுமதியை உடனே அனுப்பி உதவ வேண்டுகிறேன். தங்கள் நல்ல மனத்தை நம்பி, இன்று காலையிலேயே பின்வரிசைகளிலிருந்து உருவத் தொடங்கிவிட்டேன். ஃபெர்னான் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தார். தெருவைப் பார்த்த முன்வரிசை மட்டும் படத்தில் உள்ளபடியே, ஒரு கட்டைகூட மாறாமல் நிற்கும். நடுவர்கள் வரும்போது அதன்மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவைக்கவும்.

இடம்: வால்ப்ரூன்
நாள்: ஜனவரி 16

இப்படிக்கு,
சொலாஞ்ச் மார்ஷோ