கலாவின் இரத்தமும் என் பீட்ரூட்டும்

ஜூன் 4, புதன்

காலையிலிருந்து தூறல், காற்று. கடை பூட்டு. கலாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறாம் மாதம். வரிசையில் இரண்டு மணி நேரம்.

மிட்வைஃப் மிஸ் அட்டையைப் பார்த்தார். முகம் சரியில்லை. "லே அடுய்." எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்தாரோ என்னவோ, தமிழிலும் ஒரு தடவை: "ரத்தம் குறைவு. போன மாசம் ஒன்பதரை. இப்ப ஒன்பது." இரும்பு மாத்திரை ஒழுங்காகப் போட்டும் இறங்கியிருக்கிறது. அடுத்த மாதமும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரி வார்டில் படுக்க வைக்க வேண்டி வருமாம்.

மூத்தவள் துர்கா பிறந்தபோது கலாவுக்கு இரத்தம் நிற்காமல் போனது. இரண்டு பைண்ட் ஏற்றினார்கள். அன்றைக்கு நான் பட்டதை யாரிடமும் பேசுவதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

பயத்தில் மிஸ்ஸோடு சண்டை. "தெனமும் பீட்ரூட் ஜூஸ் குடுக்கிறேன் மிஸ், என் கடைப் பீட்ரூட். எப்படிக் குறையும்?"

சிரித்தார். "நெறத்தப் பாத்து ஏமாறாதீங்க. முருங்கை இலை குடுங்க."

பன்னிரண்டு வருஷமாக மரக்கறி விற்கிறவனுக்குப் பாடம்!

ஜூன் 5, வியாழன்

வெயில். தம்புள்ளை லொறி லேட். பீட்ரூட் இரண்டு மூட்டை, கரட், போஞ்சி. போஞ்சி பாதி வதங்கல்.

கோபம் இன்னும் ஆறவில்லை. மாத்தளைக் கடையிலும் சரி, யட்டவத்த சந்தையிலும் சரி, என் கூவல் பிரசித்தம்: "வாங்க வாங்க, ரத்தம் ஊறுற பீட்ரூட்!" இன்றைக்கு "வாங்க வாங்க"வோடு நிறுத்திக்கொண்டேன்.

கிளினிக் சுவரில் இருந்த அட்டவணையை ஃபோனில் படம் எடுத்திருந்தேன். மிஸ் சொன்னது பிழை என்று காட்டத்தான். பார்த்து எழுதியது:

பீட்ரூட் – இரும்பு கொஞ்சம். ஃபோலிக் நிறைய. நார் உண்டு. இனிப்பு உண்டு.
முருங்கை இலை – இரும்பு அதைவிடப் பல மடங்கு. கல்சியம். விட்டமின் ஏ, சி. புரதமும்.

ஃபோலிக்கும் இரத்தத்துக்கு வேண்டும் என்று கீழே போட்டிருக்கிறது. ஆக, பீட்ரூட் முழுப் பொய்யன் இல்லை. அந்த மட்டில் ஒரு ஆறுதல். இரும்பில்தான் தோல்வி.

முருங்கை எங்கள் வேலியிலேயே நிற்கிறது. பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஒடித்துப் போடுவோம். கடையில் வைத்ததே இல்லை. எல்லார் வேலியிலும் இருப்பதை யார் வாங்குவார்கள்?

கலா: "கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க."

எழுந்துபோய் வேலி முருங்கையை அண்ணாந்து பார்த்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

முருங்கை இலைச் சுண்டல் நானே செய்தேன். காம்பு பொறுக்கவே ஒரு மணி நேரம். முதல் சட்டி கருகியது. இரண்டாவது, தேங்காய்ப்பூ போட்டு, பரவாயில்லை. ராவைக்குக் கீரை ஆகாது என்று பக்கத்து வீட்டு மேரியக்கா சொன்னதால் பகலுக்கு மட்டும். துர்கா தொடவில்லை. ஆட்டுச் சாப்பாடாம்.

கலா தட்டை வழித்தாள். பார்க்கச் சந்தோஷம். வழக்கம்போல் சோறு தின்ற கையோடு பிளேன்டி, பால் விடாத தேத்தண்ணி, ஊற்றிக் கொடுத்தேன், இஞ்சி தட்டிப் போட்டு. அதோடேயே இரும்பு மாத்திரையையும் விழுங்கினாள். ஒரு நாளும் தவறவிடுவதில்லை, பாவம்.

செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

மிஸ் ஸ்கூட்டரில் வீடு பார்க்க வந்தார். நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற நேரம். கலாவின் ஒரு கையில் மாத்திரை, மறு கையில் கோப்பை.

"இது என்ன?"

"பிளேன்டி மிஸ். நான் ஊத்தினது. ஒங்களுக்கும் ஒண்ணு ஊத்தவா?"

மிஸ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "எத்தன மாசமா இப்படி?"

மாத்திரை கொடுத்த நாளிலிருந்து. தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேர விடாதாம். மாத்திரையையும் விடாது, கீரையையும் விடாது. கிளினிக்கில் முதல் நாளே சொன்னதாம். எங்கள் காதில் ஏறவில்லை. மாத்திரைக்குத் தண்ணீர். சுண்டலுக்குத் தேசிக்காய்ப் புளி, எலுமிச்சைதான், அது இரும்பைச் சேர்க்கும். தேத்தண்ணி இரண்டு மணி நேரம் கழித்து.

தண்ணீரோடு குமட்டுகிறது என்று கலா ஆரம்பத்தில் சொன்னாள். "அப்ப டீயோட போடு" என்றது யார்? நான். பீட்ரூட்டைக் குற்றம் சொல்லி, முருங்கையைத் தலையில் வைத்து ஆடி, கடைசியில் என் கை ஊற்றிய கோப்பை. நான் அதை அன்பு என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மிஸ் போன பிறகு கலா: "விடுங்க. எங்கம்மா தேயில மலையில கொழுந்து எடுத்த காலத்துலயும் மாத்திரைய தேத்தண்ணியோடதான் போட்டாங்க. யாருக்குத் தெரியும்?"

திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 24, செவ்வாய்

காற்று. வேலி முருங்கையில் ஒரு கிளை முறிந்தது. ஆட்டுக்குக் கொடுக்கவில்லை.

அவளுக்குத் துணையாக நானும் சோற்றுக்குப் பிறகு பிளேன்டி குடிப்பதில்லை. ஆறாம் நாள். தலைவலி. கடையில் இரண்டு பேரோடு வாய்த்தர்க்கம். வீட்டில் துர்கா: "அம்மா, அப்பாவுக்கு மட்டும் ஒரு டீ குடுத்துருங்க. தாங்க முடியல."

பீட்ரூட்டும் நிறுத்தவில்லை. ஜூஸ் இல்லை, கறியாக. அதன் பங்குக்கு அதுவும் உழைக்கட்டும்.

ஜூலை 2, புதன்

கிளினிக். மிஸ் அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஒன்பது புள்ளி எட்டு.

"இன்னும் காணாது. ஆனா ஏறுது. வார்ட் வேணாம்."

சாமான் எடுத்து வருகிறேன் என்று வெளியே போய் ஓட்டோ ஸ்டாண்ட் பக்கம் நின்று அழுதேன். ஓட்டோக்காரர் ஒருவர் யார் செத்தது என்று கேட்டார். யாரும் சாகலங்க என்றேன்.

ஜூலை 5, சனி

யட்டவத்த சந்தை. நல்ல கூட்டம். கூவவில்லை. பீட்ரூட் பக்கத்தில் முருங்கை இலை பத்துக் கட்டு வைத்தேன். இரண்டுதான் போனது.

பதினொரு மணியளவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, புருஷனோடு. வெளிறிய முகம். ஒரு பீட்ரூட்டைக் கையில் எடுத்து, "ரத்தம் ஊறுமாண்ணே?"

"பீட்ரூட் நல்லதுதாம்மா. இந்த இலையையும் கொண்டு போங்க, சும்மா. கிளினிக்குல மாத்திரை குடுக்கிறாங்களா?"

"குடுக்கிறாங்க. ஒரு நாளும் தவறவிடல."

"எதோட போடுறீங்க?"

அவள் சொல்வதற்கு முன் புருஷன்காரன் முந்திக்கொண்டான். முகமெல்லாம் பெருமை. "பிளேன்டியோடதாண்ணே. இஞ்சி தட்டிப் போட்டு, நானே ஊத்திக் குடுப்பேன்."

தராசைக் கீழே வைத்தேன். இரண்டு பேரையும் மூட்டை மேல் உட்காரச் சொன்னேன்.