கேட்காமல் விட்டது

அன்புத் தங்கச்சிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து நடந்தால் மறுபடி பேனாவைத் தேடுகிறேன்.

இன்று என் வார்டில் ஒரு பெண்ணுக்குப் பிறந்த குழந்தை ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. பார்க்க வந்த நாத்தனார், "விடு, வயசிருக்கு. அடுத்தது பொறக்கும்" என்றாள். அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாத்தனாரை வெளியே அனுப்பிவிட்டேன். எனக்கு வந்த கோபம் உண்மையில் யார்மேல் என்று உனக்குத் தெரியும்.

வேறென்ன பேசுவதென்று தெரியாமல், "பாப்பா யார் ஜாடைம்மா?" என்று கேட்டேன். சட்டென்று திரும்பினாள்.

"மூக்கு அவரோடது சிஸ்டர். காது மட்டும் என்னோடது. விரல்ல நகம்கூட வளர்ந்திருந்துச்சு."

பேசிக்கொண்டே இருந்தாள். மருந்து வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டேன். தலைமை நர்ஸிடம் திட்டும் வாங்கினேன்.

அந்த நாத்தனார் சொன்னதையே உன் கட்டிலருகே நின்று நானும் சொன்னேன். பெரிய நர்ஸ் என்ற மிதப்பு வேறு. இரண்டு வருடமாக நீ ஏன் என் போனை எடுப்பதில்லை என்று உன் வீட்டுக்காரரிடம் கேட்டேனே தவிர, உன் மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, உள்ளேயிருந்தே அவனைப் பற்றிச் சொல். நடுவில் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உன் அக்கா